காலுக்குத் தக்க காலணி

காலுக்குத் தக்க செருப்பும் கூலிக்குத் தக்க உழைப்பும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று கேட்கிறது மற்றொன்று. கால்தான் அளவு, காலணி அதற்குக் கட்டுப்பட்டது என்பதே இரண்டின் கருத்தும். இதனை அறியாதவர் எவருமில்லை. ஆயினும் கடைக்குள் நுழைந்ததும் நாம் இதனை மறந்துவிடுகிறோம். “என்ன நம்பர்?” என்று கடைக்காரர் கேட்கிறார். எட்டு என்றோ ஒன்பது என்றோ சொல்லிவிடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது, அது எதனை அளக்கிறது, நம் காலுக்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று அதனைப் பற்றித்தான் சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

தமிழர்க்குக் காலணி புதியதன்று. சங்க காலத்திலேயே அதற்குத் ‘தொடுதோல்’ என்று அழகிய பெயர் இருந்தது. ஆனால் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட காலணி நமக்குப் புதியது. நம் பிள்ளைகள் அதனை ‘ஷூ’ என்பர். நான் ஓட்டக் காலணி என்கிறேன். நடக்கும்போது ஒரு கால் எப்பொழுதும் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஓடும்போதோ இரண்டு கால்களும் நிலத்தைவிட்டு எழுந்து, பின்பு ஒரே காலில் உடல் முழுவதும் வந்து இறங்குகிறது. அவ்வாறு இறங்கும்பொழுது உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையை அந்தப் பாதம் தாங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இது பல நூறு முறை நிகழ்கிறது. நடையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பொருத்தக் குறை, ஓட்டத்தில் கொப்புளமாகிறது, நகம் கறுக்கிறது, நாளடைவில் கால் ஆணியாகவும் காய்ப்பாகவும் நிலைத்துவிடுகிறது.

எங்கள் ஓசூர்ப் பகுதியில் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழில் வளாகம் அமைத்த பிறகு, மலர்த் தோட்டங்களுக்கும் ராகிக் கொல்லைகளுக்கும் நடுவே ஆலைகள் எழுந்தன. வண்டிகளும் கைக்கடிகாரங்களும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிலாளர் பல்லாயிரவர் இன்று இங்கே வாழ்கின்றனர். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, உடல் நலம் கருதி விடியற்காலையில் ராமநாயக்கன் ஏரிக்கரையில் ஓடுபவர்களைக் காண்கிறோம். சூளகிரி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை ஆகிய ஊர்களிலிருந்து காவலர் வேலையை நாடும் இளைஞர்கள் சாலையோரத்தில் ஓடிப் பழகுகிறார்கள். காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். ஒரு கொப்புளம் அந்த 7 நிமிடத்தை எட்டாக்கிவிட்டால், ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பே தள்ளிப்போகிறது. ஆசிரியப் பணியிலிருந்த நாள்களில் இத்தகைய இளைஞர் பலரை நான் கண்டிருக்கிறேன். பயிற்சியில் அவர்கள் குறை வைப்பதில்லை. காலில் கிடப்பதுதான் பெரும்பாலும் அண்ணனுடையதாகவோ நண்பனுடையதாகவோ இருக்கும்.

ஓசூர்க் கடைவீதியில் மூன்று மொழிகள் ஒலிக்கும். நாம் செருப்பு என்பதைத் தெலுங்கர் செப்புலு என்பர். கன்னடர் சப்பலி என்பர். பொருள் ஒன்றே என்று எல்லோரும் அறிந்திருப்பதால் வாணிகம் தடையின்றி நடக்கிறது. காலணிப் பெட்டியின் மீதும் மூன்று மொழிகள் உண்டு. ஒன்று ஆங்கிலேயர் எண். மற்றொன்று அமெரிக்கர் எண். மூன்றாவது ஐரோப்பியர் எண். அந்த மூன்றுக்கும் பொருள் தெரிந்தவர் மட்டும் மிகக் குறைவு. ஆகையால் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் நேயர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

ஆங்கிலேயர் எண்ணுக்கு அடிப்படை ஒரு வாற்கோதுமை மணி! மூன்று மணிகளை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று அந்நாட்டில் பண்டு கொண்டார்கள். ஆகவே ஒரு மணி என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.47 மில்லிமீட்டர். நான்கு அங்குல நீளத்தைச் சுழியாகக் கொண்டு, மணிக்கு ஓர் எண்ணாகக் குழந்தைகளுக்கு 13 வரை எண்ணுவார்கள். பிறகு பெரியவர்களுக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். எட்டாம் நம்பர் என்றால் 13உம் 8உம் சேர்ந்து 21 மணிகள். 21 மணிகள் 7 அங்குலம். தொடக்கத்து நான்கையும் கூட்டினால் 11 அங்குலம். ஐரோப்பியர் எண்ணுக்கு ஒரு படி, ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 11 அங்குலத்தை அந்தப் படியால் வகுத்தால் ஏறக்குறைய 42 வரும். அதனால்தான் ஒரே பெட்டியில் 8 என்றும் 42 என்றும் எழுதியிருக்கிறது. அமெரிக்கர் ஆங்கிலேயர் படியையே கையாண்டாலும் தொடங்கும் இடத்தை மாற்றிக்கொண்டனர். ஆகவே ஆங்கிலேயரின் 8, ஆடவர் காலணியில் ஒரு நிறுவனத்தாரிடம் அமெரிக்கரின் 9 ஆகவும், மற்றொருவரிடம் எட்டரையாகவும் இருக்கும். பெட்டியில் எந்த நாட்டு எண் என்று பாராமல் 9 என்று மட்டும் கேட்டு வாங்குபவர் ஏமாறுவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த எண் காலை அளப்பதன்று என்பதையும் நாம் அறிய வேண்டும். அது கட்டையை அளப்பது. காலணி செய்வோர் பாதம் போன்ற ஒரு வடிவத்தை வைத்து, அதன் மேல்தான் தோலையோ துணியையோ இழுத்துப் பொருத்துவார்கள். நம் ஊரில் செருப்புத் தைப்பவர்கள் அதனைக் கட்டை என்பார்கள். கட்டையின் நீளம் 11 அங்குலம் என்றால், அதற்குள் நுழையும் கால் அதைவிடக் குறைந்திருந்தால்தான் விரல்களுக்கு இடம் இருக்கும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் முடிவு செய்துகொள்கிறது. ஒரு கடையில் எட்டு சரியாக இருந்தவருக்கு அடுத்த கடையில் எட்டு கடிப்பது இதனால்தான்.

நீளத்தைப் பற்றி இவ்வளவு பேசும் அந்த எண், அகலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம்மவர்க்கு உள்ள இடர்ப்பாடு அகலத்தில்தான். சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் ஓர் அரிய பணி செய்திருக்கின்றனர். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியா முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களைக் கருவிகளால் முப்பரிமாணத்தில் அளந்தார்கள். இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகன்றது என்பது அந்த அளவைகளால் புலப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நமக்கு வந்து சேர்ந்த அளவுமுறையை, அவர்கள் போன பிறகும் நாம் காலில் மாட்டிக்கொண்டிருந்தோம் என்று பொருள்! இந்த ஆய்வின் பயனாக ‘பா’ என்னும் பெயரால், பாரதம் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு, இந்தியர்க்கென ஓர் அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோரையும் வயதும் பாலும் கருதி எட்டுப் பிரிவுகளாக அது வகுக்கிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று தனித்தனி முறைகள் வேண்டியிருக்கும் என்று முதலில் எண்ணியிருந்தார்கள். அளந்து பார்த்தபின் நாடு முழுவதற்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது.

அகலம் போதாதபோது நம்மவர் என்ன செய்கிறார்கள்? ஒரு நம்பர் பெரியதாக வாங்குகிறார்கள். அகலம் கொஞ்சம் கிடைக்கிறது, நீளமோ மிஞ்சிவிடுகிறது. பாதம் மடங்கும் இடமும் காலணி மடங்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. குதிகால் ஒவ்வோர் அடியிலும் மேலெழுந்து உரசுகிறது. உரசாமலிருக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். இறுக்கிய கயிறு புறங்காலை நெரித்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ஒரு குறையை மறைக்கப்போய் மூன்று குறைகளைச் சேர்த்துக்கொண்டதுதான் மிச்சம். அகலம் வேண்டுபவர் அகன்ற கட்டையில் செய்த காலணியைத்தான் தேட வேண்டும். சில நிறுவனங்கள் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று அகலங்களைச் செய்கின்றன. நாம் கேட்டால்தான் கடைக்காரர் தருவித்து வைப்பார். கேட்பாரில்லாத சரக்கை எந்த வணிகரும் அடுக்கி வைப்பதில்லை.

எங்கள் மாவட்டத்துப் பர்கூரில் ஓட்டக் காலணிகள் ஏற்றுமதிக்காகச் செய்யப்படுகின்றன. சுற்று வட்டாரத்துப் பெண்கள் அங்கே உழைக்கிறார்கள். கடல் கடந்த நாட்டாரின் காலுக்குப் பொருந்தும் காலணியைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்கள் வீடு திரும்பித் தம் பிள்ளைக்கு வாரச் சந்தையில் அளவு பாராமல் ஒரு ஜோடி வாங்குகிறார்கள் என்றால், அது அவர்கள் குற்றமன்று. அளவு பார்க்கும் முறையை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வளரும் கால் என்று சொல்லி இரண்டு நம்பர் பெரியதாக வாங்கி, முன்புறத்தில் துணியை அடைத்துக் கொடுப்பது நம் வழக்கம். வறுமையில் பிறந்த சிக்கனம் அது. நான் அதனை எள்ளி நகையாட மாட்டேன். எனினும் அதன் விளைவைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நன்றாக ஓடுவாள். மாவட்டப் போட்டிக்கு முன் அவள் அண்ணன், ஆலையில் வேலை செய்பவன், தன் ஷூவை அவளிடம் கொடுத்தான். ஒரு வாரத்தில் அவள் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப் போயின. பெரிய காலணியில் நகம் ஏன் கறுக்க வேண்டும் என்று உடற்பயிற்சி ஆசிரியரே வியந்தார். கால் உள்ளே நிலைகொள்ளாமல் ஒவ்வோர் அடிக்கும் முன்னே வழுக்கி, அடைத்த துணியில் போய் மோதியிருக்கிறது! அவள் அளவுக்கு விலை குறைந்த ஒரு ஜோடியை ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். அவள் பரிசு பெற்றாளா என்று கேட்காதீர்கள், நான்காவதாக வந்தாள். ஆனால் அடுத்த ஆண்டும் ஓட வந்தாள். எனக்கு அது போதும்.

நான் முன்னே சொன்ன ஆய்வு இங்கேயும் ஒரு செய்தி தருகிறது. இந்தியப் பெண்ணின் பாத வளர்ச்சி ஏறக்குறைய 11 வயதில் உச்சத்தை அடைகிறது. ஆணுக்கு அது 15, 16 வயதில். ஆகவே பையனையும் பெண்ணையும் ஒரே கணக்கில் வைத்து, இன்னும் வளரும் என்று பெரியதாக வாங்குவது பொருந்தாது. மேல்நிலை வகுப்புக்கு வரும் பெண்ணின் பாதம் பெரும்பாலும் தன் அளவை அடைந்திருக்கும். அவள் தம்பியின் பாதமோ அப்போதுதான் விரைந்து வளரும்.

இனி, அளக்கும் முறையைச் சொல்கிறேன். மாலையில் அளக்க வேண்டும். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும்; ஓடும்போதும் அவ்வாறே வீங்கும். ஓசூரின் குளிர்ந்த காலையில் சரியாக இருந்தது கிருஷ்ணகிரி வெயிலில் இறுக்கும். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரை ஒட்டித் தரையில் விரியுங்கள். ஓடும்போது அணியும் காலுறையோடு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது; உடல் எடை இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரியும். வேறொருவர் பென்சிலைச் சாய்க்காமல் நேரே பிடித்து, மிக நீண்ட விரலின் நுனியில் குறி வைக்க வேண்டும். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரல் அன்று. பலருக்கு அதனை அடுத்த விரலே நீண்டிருக்கும். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தின் அளவைக் கொள்ளுங்கள். இரண்டும் ஒத்திருப்பது அரிது. பிறகு தையற்காரரின் நாடாவால், விரல்கள் தொடங்கும் அகன்ற பகுதியின் சுற்றளவை எடுங்கள். இந்த இரண்டு எண்களையும் மில்லிமீட்டரில் எழுதி வைத்துக்கொண்டால் எந்த நாட்டு எண்ணுக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் பாத நீளத்தையும் அட்டவணையில் தருகின்றன. கைப்பேசி வழியாக வாங்குவோர் அந்த அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வழியுண்டா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. இரண்டு கால்களிலும் அணிந்து, கயிறு கட்டி, எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உள்ளே விரல்களை அசைத்துப் பாருங்கள்; பியானோ வாசிப்பவர் விரல்போல் தனித்தனியே அசைய இடம் வேண்டும். பக்கவாட்டில் பிதுங்கினால் அகலம் போதவில்லை; மேல் துணியைக் கிள்ளி எடுக்க முடிந்தால் அகலம் மிகை. குதிகால் பிடிப்பாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. காலணியைக் கையில் எடுத்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் ஒடிவதுபோல் வளையக் கூடாது. பிறகு கடைக்கு வெளியே பத்து அடி ஓடிப் பாருங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும். போகப் போகத் தளர்ந்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். தோல் செருப்பு தளரும். ஓட்டக் காலணி முதல் நாளே பொருந்த வேண்டும்.

ஒருவர் பாதம் வளைந்ததா தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற வகையை விற்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதனை ஆராய்ந்தார்கள். பாத வளைவைப் பார்த்து வகை பிரித்துக் கொடுத்தவர்களுக்கும், பாராமல் ஒரே வகை கொடுத்தவர்களுக்கும் காயம் படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த முடிவுகள் கூறின. கனடா நாட்டுக் கால்கரிப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பென்னோ நிக், 2015இல் எழுதிய கட்டுரையில், அணிபவருக்கு எது இதமாக இருக்கிறதோ அதுவே தேர்வுக்குச் சிறந்த வழிகாட்டி என்னும் கருத்தை முன்வைத்தார். ஏழைக்கு இது நற்செய்தி. இதம் விலையைப் பொறுத்ததன்று; பொருத்தத்தைப் பொறுத்தது.

பொருந்தாத காலணியைவிட வெறுங்கால் மேல் என்று உலகுக்குக் காட்டியவர் எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா. 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவருக்கு வாய்த்த காலணி காலுக்கு ஒத்துவரவில்லை. வெறுங்காலோடு மராத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதை நாம் மறக்கலாகாது. 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்தே ஓடி மீண்டும் வென்றார். நம் நாட்டு ஸ்வப்னா பர்மன் கதை வேறு. அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். வழக்கமான காலணிகளில் விரல்கள் நெரிய வலியோடு போட்டியிட்டு, 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் தங்கம் வென்றார். அதன் பிறகே அவர் பாதத்தை அளந்து தனிக் காலணி செய்து கொடுத்தார்கள். தங்கம் வென்ற பிறகு கிடைக்கும் அளவு, ஓடத் தொடங்கும்போதே கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இதம் என்பதை அளவுகோலாகக் கொள்ள முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. நீரிழிவு முற்றியவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றும். அவர்களுக்குக் காலணி கடிப்பது தெரியாது; புண்ணான பிறகே தெரியும். 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் பால் பிராண்டு, உணர்ச்சியற்ற பாதத்தில் புண் தானாகத் தோன்றுவதில்லை, ஓயாத அழுத்தத்தாலும் உரசலாலும் தோன்றுகிறது என்பதை விளக்கிக் காட்டினார். நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற காலணிகள் அத்தகையோர்க்குப் பயன்பட்டன. நீரிழிவு நோயாளர்க்கும் இன்று அவை பயன்படுகின்றன. இவர்கள் மருத்துவரைக் கேட்டே காலணி வாங்க வேண்டும். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரவில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கடைசியாக, என் தொழிலைச் சார்ந்த ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் மாணவரின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். அவற்றோடு பாத நீளத்துக்கும் சுற்றளவுக்கும் இரண்டு பத்திகள் சேர்த்து, ஆண்டுக்கு இருமுறை அளந்து எழுதலாம். வேண்டுவன ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு நாடா. அளவை என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. பிள்ளைகளே ஒருவர் பாதத்தை ஒருவர் அளப்பார்கள். அந்த எண்ணை ஒரு சிறு சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால், சம்பள நாளில் கடைவீதிக்குப் போகும் தாயிடம் அது இருக்கும். “என்ன நம்பர்?” என்று கடைக்காரர் கேட்கும்போது, அவள் அந்தச் சீட்டை எடுத்து நீட்டலாம்.